எட்டாம் பாத்திப் புழுக்கள்

…அதைத்தாங்க நானும் கேக்குறேன். தப்பு பண்ணினது யாரோ, லெட்டர் எழுதிக் குடுக்க வேண்டியது நானா? இருபத்திரண்டு வருஷமா அந்த ஆராய்ச்சிப் பண்ணையில மண்ணைக் கிளறுறேன். இதுவரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் என்கிட்ட யாரும் கேட்டதில்ல. இப்போ கேக்குறாங்க. அதுவும் டைப் அடிச்சு, கீழ கையெழுத்து போட்டு, இன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள. சரி, நீங்க அடிங்க தம்பி. 'மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு.' ஆச்சா? 'நான் தங்கள் பண்ணையில் வயல் உதவியாளராக வேலை பார்க்கிறேன்.' உதவியாளர்னே போடுங்க. ரெஜிஸ்டர்ல கூலியாள்னு இருக்கும், அதை அவங்க பாத்துக்கட்டும்.

என்ன உதவின்னா… சிரிக்கக் கூடாது. புழு எண்ணுறது. மண்புழு.

பாத்தீங்களா, சிரிச்சுட்டீங்க. பரவால்ல. எங்க மருமகனும் இப்படித்தான் சிரிப்பாரு. பொண்ணைக் கட்டிக் குடுத்த மூணாம் மாசம் எங்க வீட்டு சோபாவுல வந்து உக்காந்தவரு, இன்னும் எந்திரிக்கல. நான் வேலை முடிஞ்சு வந்தா, டிவிலேர்ந்து கண்ணை எடுக்காம, "என்ன அத்தை, இன்னிக்கு எத்தனை புழு?"ன்னு கேப்பாரு. "வயல்ல நானூறு, வீட்ல ஒண்ணு"ன்னு நானும் சொல்லுவேன். அவருக்குப் புரியாது. என் பொண்ணுக்குப் புரியும், அது அடுப்படிக்குள்ள போயிடும்.

இதெல்லாம் அடிக்காதீங்க தம்பி. அடிச்சுட்டீங்களா? எடுத்துடுங்க.

விஷயம் என்னன்னா, பண்ணையில பன்னெண்டு பாத்தி. அறுவடை முடிஞ்சதும் நாலு பாத்தியில வைக்கோலை அப்படியே தரையில பரப்பி விட்டுடணும். நாலு பாத்தியில வைக்கோலைக் கொளுத்தி விடணும். மீதி நாலுல ஒரு துரும்பு விடாம வாரி எடுத்து வெளிய போட்டுடணும், தரை மொட்டை அடிச்ச மாதிரி இருக்கணும். அப்புறம் எதுல புழு அதிகம், எதுல கம்மின்னு பாக்கணும். இதுக்கு மூணு வருஷம், ஒரு பெரிய டாக்டர், ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு, ரெண்டு கம்ப்யூட்டர். என்னைக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன், சோறு இருக்கிற வீட்டுக்குத்தான் விருந்தாளி வரும்னு. வைக்கோல் மக்கினா புழுவுக்குச் சாப்பாடு. மேல போத்தினாப்ல கிடந்தா ஈரம் காயாது. கொளுத்தி விட்ட இடத்துல என்ன இருக்கும், சாம்பல் இருக்கும். ஆனா நான் சொன்னா அது பேச்சு. அவங்க மூணு வருஷம் கழிச்சு சொன்னா அது கண்டுபிடிப்பு.

எண்ணுறது எப்படின்னு கேளுங்க. ஒரு முழம் அகலம், ஒரு முழம் நீளம் குழி தோண்டணும். எங்க தோண்டணும்னு காகிதத்துல புள்ளி வெச்சுக் குடுத்திருப்பாங்க. அந்த மண்ணைத் தட்டுல கொட்டி, கையால உதிர்த்து உதிர்த்து, புழுவைப் பொறுக்கணும். ஆழத்துல இருக்கிறது வராது இல்ல, அதுக்குக் கடுகுத் தண்ணி. கடுகை அரைச்சுத் தண்ணியில கரைச்சுக் குழிக்குள்ள ஊத்தினா, எரிச்சல் தாங்காம ஒண்ணு ஒண்ணா மேல வரும் பாருங்க, அரசாங்க ஆபீஸ்ல மணி அடிச்சதும் வெளிய வர்ற மாதிரி. அதை நல்ல தண்ணியில அலசி, எண்ணி, எழுதி, எந்தக் குழியில எடுத்தமோ அதே குழியில திருப்பி விட்டுடணும். அதே குழியில. அது சட்டம். அந்தப் பொண்ணு தகரப் பலகையில எழுதியே மாட்டி வெச்சிருந்துச்சு.

அது மட்டுமில்ல. மண்ணு மூச்சு விடுதான்னு பாக்குறது இன்னொண்ணு. நிஜமாத்தான். பாத்தி நடுவுலேர்ந்து மண்ணை எடுத்து பாட்டில்ல போட்டு, உள்ள ஒரு சின்னக் கிண்ணத்துல மருந்துத் தண்ணி வெச்சு, இறுக்கி மூடிடுவாங்க. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கு இல்ல, அதுங்க விடுற மூச்சை அந்தத் தண்ணி பிடிச்சு வெச்சுக்கும். பூச்சின்னு சொல்லக் கூடாதாம். ஒரு தடவை சொல்லிட்டேன், டாக்டர் அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாரு. நுண்ணுயிர். சரி, நுண்ணுயிர். அப்புறம் வெள்ளைக் காடாத்துணி துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு பாத்திக்கும் நடுவுல புதைச்சு வைப்போம். ஒரு மாசம் கழிச்சு எடுத்தா, வைக்கோல் பாத்தியில துணி சல்லடை ஆயிருக்கும், தொட்டா கையோட வரும். நுண்ணுயிர் தின்னுருக்கும். மொட்டைப் பாத்தியில புதைச்ச துணி… துவைச்சு மடிச்சு வெச்ச மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரரு பாத்தாருன்னா தோள்ல போட்டுட்டுப் போயிடுவாரு.

சரி, லெட்டர். எங்க விட்டோம்? வயல் உதவியாளர். ஆமா. அடுத்தது டாக்டரைப் பத்தி சொல்லணும். அடிக்காதீங்க, சும்மா கேளுங்க.

நாங்க அவரை மைக் டாக்டர்னுதான் சொல்லுவோம். மைக்கைப் பாத்தா விடமாட்டாரு. வயல் வரப்புல அவரு கால் பட்டு நான் பாத்தது மூணு வருஷத்துல நாலு தடவை, நாலு தடவையும் கூட ஒரு கேமராக்காரரு. ரெண்டாம் வருஷ முடிவுல எட்டாம் பாத்தியில ஒரு அதிசயம் நடந்துச்சு. எட்டாம் பாத்தி மொட்டைப் பாத்தி. அதுல புழுவே இருக்கக் கூடாது. மத்த மொட்டைப் பாத்தியில மூணு, நாலு, ரெண்டுன்னு கிடக்குது. எட்டுல நாப்பத்தொம்பது. அடுத்த தடவை எழுபத்தி ஒண்ணு. வைக்கோல் பாத்தியிலயே அவ்வளவு இல்ல.

அந்தப் பொண்ணு பயந்துச்சு. "சார், இது எங்கயோ தப்பு, இன்னும் ஒரு போகம் பாக்கலாம்"னு சொல்லிச்சு. என் காதால கேட்டேன், நான் அங்க தட்டு கழுவிட்டிருந்தேன். அவரு கேப்பாரா? "இயற்கை நமக்குப் புதுசா ஒண்ணு சொல்லுது"ன்னாரு. மைக் இல்லாமலே மைக் குரல். மொட்டைத் தரையிலயும் மண்புழு பெருகும்னு மேடை மேடையாப் போய் பேசினாரு. பெரிய படம் போட்டுக் காட்டினாங்க. அந்தப் படத்துல தட்டைப் பிடிச்சிருக்கிறது என் கைதான், முழங்கைக்கு மேல வெட்டிட்டாங்க.

போன வாரம் அந்தப் பொண்ணோட பட்டத்துக்குப் பரீட்சை பண்ண வெளியூர்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. ஒல்லியா, நரைச்ச முடி, ரப்பர் பூட்ஸ். வந்ததும் காபி கூடக் குடிக்கல, நேரா வயலுக்கு. எட்டாம் பாத்தித் துணியைக் கேட்டு வாங்கிப் பாத்தாங்க. வெள்ளையா இருக்கு. பாட்டில் கணக்கைப் பாத்தாங்க. மூச்சும் இல்ல. "புழு எழுபத்தி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க, மண்ணுல நுண்ணுயிர் அசையவே இல்ல, அந்தப் புழுவெல்லாம் எதைத் தின்னு உயிரோட இருக்கு?"ன்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. மைக் டாக்டர் குனிஞ்சு செருப்புல ஒட்டின மண்ணைத் தட்டினாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு, அது வரைக்கும். அப்புறம் அந்த அம்மா மம்பட்டியை என் கையிலேர்ந்து வாங்கி, பாத்தி நடுவுல அவங்களே தோண்டினாங்க. ரெண்டு புழு. இன்னொரு இடம், ஒண்ணு.

"இந்த எண்ணிக்கையை யாரோ உக்காந்த இடத்துலயே எழுதியிருக்காங்க"ன்னு சொன்னாங்க.

டாக்டர் அப்பிடியே திரும்பி அந்தப் பொண்ணைப் பாத்தாரு. 'நான்தான் அப்பவே கேட்டேனே'ன்ற மாதிரி ஒரு பார்வை. தம்பி, நான் பல பாம்பு பாத்திருக்கேன் அந்த வயல்ல…

அதுதான் இந்த லெட்டர். நேத்து என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. உக்காரச் சொன்னாரு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நாற்காலி. "அந்தப் பொண்ணு வயலுக்கே வரலைன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா, விசாரணை அதோட முடிஞ்சிடும், உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னாரு. அம்மான்னாரு. அப்புறம் மேசை மேல இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிட்டே, "உங்க மருமகன் வண்டி ஓட்டுவாருன்னு சொன்னீங்கல்ல, ஜீப்புக்கு டிரைவர் இடம் காலியாத்தான் இருக்கு"ன்னாரு. நான் எப்ப சொன்னேன்? யாரோ சொல்லியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்த சோபா காலியாகும். என் பொண்ணு ஒரு நாள் நிமிந்து நடக்கும்.

அடிங்க. 'மேற்படி ஆராய்ச்சி மாணவி… வயலுக்கு வருவதே இல்லை. மண்புழு எண்ணிக்கையைத் தன் அறையில் உட்கார்ந்தபடி தானாகவே எழுதிக்கொண்டார்.' ஆச்சா?

ஏன் என்னைப் பாக்குறீங்க? நீங்க திரையைப் பாருங்க.

அந்தப் பொண்ணு மட்டும் லேசுப்பட்டதுன்னு நினைக்காதீங்க. சரியான தொல்லை. எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டும். வாளிக்குச் சீட்டு, மம்பட்டிக்குச் சீட்டு, என் டிபன் பாக்ஸ்ல கூட ஒரு நாள் தெரியாம ஒட்டிடுச்சு, 'பாத்தி 4, ஆழம் 20'ன்னு. பாட்டில்ல மண்ணைப் போடும்போது துளி சிந்தினா திரும்ப முதல்லேர்ந்து. புழுவைக் கடுகுத் தண்ணியில எடுக்குறப்போ முகத்தைச் சுளிக்கும், "பாவம்க்கா"ங்கும். பாவம்னா எதுக்கு இந்தப் படிப்பு படிக்கிறன்னு கேட்டேன். அடுத்த புழுவை அலசப் போயிடுச்சு. ஒரு குடை வெச்சிருக்கும், அதை எனக்குப் பிடிக்கவா தனக்குப் பிடிக்கவான்னு தெரியாம நடுவுல பிடிச்சு, ரெண்டு பேருமே வெயில்ல நிப்போம். அந்த மாதிரி சாமர்த்தியம்.

வயலுக்கு வரும்… வந்துச்சு. முதல் வருஷம் ஒரு நாள் விடாம வந்துச்சு. நான் எண்ணிச் சொல்லச் சொல்ல, அது நோட்டுல எழுதும். எனக்கு முட்டி வலிக்குதுன்னு பாத்துட்டு, தரையில டைல்ஸ் போடுறவங்க முட்டியில கட்டிப்பாங்கல்ல ஒரு பட்டை, அதை எங்கேயோ தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்துச்சு. நான் ஒரு தடவை கட்டிப் பாத்துட்டுக் கொட்டகையில தொங்க விட்டுட்டேன். கூட வேலை செய்யறவங்க சிரிச்சாங்க, குதிரைக்குக் கட்டின மாதிரி இருக்குன்னு.

ரெண்டாம் வருஷம் பாதியில அதோட அம்மா ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. இது காலையில ஆஸ்பத்திரி, மத்தியானம் பாட்டில், சாயங்காலம் ஆஸ்பத்திரி. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. "நீ போ, நான் எண்ணி எழுதி வைக்கிறேன், என்னை நம்ப மாட்டியா"ன்னு நான்தான் அனுப்பினேன். நம்பிச்சு. அதான் அது பண்ணின தப்பு. நோட்டுல அந்த மாசமெல்லாம் என் கையெழுத்துத்தான், கோணலா.

கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. அந்த ஃபேனைக் கூட நிறுத்துங்க, சத்தம் தலைக்குள்ள சுத்துது.

எட்டாம் பாத்தி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல. கொட்டகையை ஒட்டி. குழாயை ஒட்டி. மத்த பாத்தியெல்லாம் வரப்பு தாண்டித் தாண்டிப் போகணும், பன்னெண்டாவது பாத்தி ரோட்டோரம். காலையிலேர்ந்து பன்னெண்டு குழி தோண்டி, மண்ணை உதிர்த்து, எண்ணி முடிக்கிறப்போ, முட்டிக்குள்ள யாரோ மணலை அரைக்கிற மாதிரி இருக்கும். இதுல திரும்பப் பன்னெண்டு பாத்திக்கும் நடந்து, குனிஞ்சு, அந்தந்தப் புழுவை அந்தந்தக் குழியில… யாரு பாக்குறாங்க? புழு வீட்டு விலாசம் கேக்குமா? எல்லாத் தட்டையும் கொண்டு வந்து எட்டாம் பாத்தி மூலையில கவுத்துடுவேன். கொட்டகையிலேர்ந்து ரெண்டே எட்டு. வெறும் குழியை மட்டும் அப்புறமா எப்பவாவது காலால தள்ளி மூடிடுவேன்.

முதல் தடவை கவுத்தப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. மொட்டைத் தரை, வெயில் கொளுத்துது, அத்தனை புழுவும் துடிக்குது. பாத்துட்டு நிக்க முடியல. பக்கத்துல வாரிப் போட்ட வைக்கோல் மக்கிக் கிடந்துச்சு, அதை அள்ளி மேல போட்டு, குழாயைத் திறந்து விட்டேன். பத்து நிமிஷத்துல அத்தனையும் உள்ள போயிடுச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எண்ணுறதுக்கு முந்தின நாள் வைக்கோலை வாரி ஒளிச்சுடுவேன், அது சுத்தமான பாத்தி இல்லியா.

இதோட விட்டிருந்தாலும் தப்பிச்சிருக்கலாம். எட்டாம் பாத்திக்குக் காகிதத்துல புள்ளி வெச்ச இடம் நடுவுல. அந்த மண்ணு கல்லு, மம்பட்டி எகிறும். மூலையில வெண்ணெய் மாதிரி இருக்கு. இருக்காதா, நான் போட்ட வைக்கோல், நான் விட்ட தண்ணி, நான் கவுத்த புழு. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு ஓட ஆரம்பிச்சதும் அங்கேயே தோண்டினேன். நான் கொட்டின புழுவையே நான் திருப்பித் திருப்பி எண்ணியிருக்கேன் தம்பி. அதுங்களுக்கு என் முகமே தெரிஞ்சிருக்கும்.

மத்த பதினொண்ணுலயும் புள்ளி வெச்ச இடத்துலதான் தோண்டினேன். அதுல பொய் இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு குழிப் புழு குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

அந்த வெளியூர் அம்மா நடுவுல தோண்டினப்போ, மூலையைக் கை காட்டியிருக்கலாம். பத்தடி தள்ளி. வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பாக்குது, "அக்கா, நீங்க சொல்லுங்க, நாம எண்ணினோம்ல"ன்னு. நான்… வாளியைக் கழுவப் போயிட்டேன். ஏற்கெனவே கழுவின வாளி. டாக்டர் பாம்பு மாதிரி பாத்தாருன்னு உங்ககிட்ட சொன்னேனே, அவருக்காவது தெரியாது. தெரிஞ்சே வாளி கழுவினது நான்.

அந்தப் பொண்ணோட மூணு வருஷமும் குப்பைக்குப் போகும். இனிமே எந்த ஊர்லயும் எந்த லேப்லயும் சேத்துக்க மாட்டாங்க, பொய்க் கணக்கு எழுதினவள்னு. நான் எங்க வீட்டு சோபாவைக் காலி பண்ணிட்டு அதுல உக்காந்துக்குவேன்.

எடுத்துடுங்க தம்பி. மாணவி வயலுக்கு வருவதில்லைன்னு அடிச்சமே, அது. முழுசா எடுத்துடுங்க. டிரைவர் வேலையா? விடுங்க, அவரு ஓட்டினா ஜீப்பும் சோபா மாதிரி நின்ன இடத்துலயே நிக்கும்.

இப்படிப் போடுங்க. 'எட்டாம் பாத்தியில் புழுக்களைக் கொட்டியது நான். அவற்றின் மேல் வைக்கோல் போட்டதும் நான். குறித்துக் கொடுத்த இடத்தில் தோண்டாமல் மூலையில் தோண்டியதும் நான். மாணவிக்கு இது தெரியாது. மற்ற பாத்திகளின் எண்ணிக்கை சரியானது. மூலையில் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.' வேற ஒண்ணும் வேண்டாம். வருத்தம், மன்னிப்பு எதுவும் வேண்டாம், அதெல்லாம் போட்டா டாக்டர் எழுதின மாதிரி ஆயிடும். வேலை போகுமா? போகும்னுதான் நினைக்கிறேன். ரிட்டையராக ரெண்டு வருஷம் இருக்கு. பாப்போம்.

ரெண்டு காப்பி எடுங்க. இல்ல… இருங்க. அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல சொல்லணும். ஆபீஸ்ல படிச்சு அது தெரிஞ்சுக்கக் கூடாது. போன் போடுறேன், நீங்க இருங்க, எந்திரிக்காதீங்க. தனியா பேசினா மறுபடியும் வேற ஏதாவது சொல்லிடுவேன்.

…ஹலோ. நான்தான். அம்மாவுக்கு எப்படி இருக்கு… ம். ம். கேளு. எட்டாம் பாத்தி. அது நீ எழுதினதுல தப்பு இல்ல. நான்தான்… நடந்து போக முட்டி வலின்னு எல்லாப் புழுவையும் அங்கேயே கொட்டினேன். மூணு வருஷமா. மேல வைக்கோல் போட்டேன், தண்ணி விட்டேன். குழியையும் மூலையிலதான் தோண்டினேன். ஆமா. ஆமா, தெரிஞ்சுதான். அன்னிக்கு நீ கேட்டப்போவும் தெரியும்… ஹலோ? இருக்கியா?

…

என்னது? திரும்பச் சொல்லு. …காகிதம் இருக்கு, டைப் அடிக்கிற கடையிலதான் இருக்கேன். சரி. சரிம்மா.

வெச்சுடுச்சு தம்பி.

திட்டல. அழவும் இல்ல. அப்புறம், "எவ்வளவு வைக்கோல் போட்டீங்க?"ன்னு கேக்குது. எந்த மாசம், எத்தனை கை, எவ்வளவு நாள் மூடியிருந்துச்சு, மூலையிலேர்ந்து எத்தனை அடி, எல்லாம் தேதி வாரியா எழுதணுமாம். மொட்டைப் பாத்தியில ஒரு மூலையில மட்டும் வைக்கோல் போட்டதுக்கு அவ்வளவு புழு தங்கியிருக்குன்னா, அதுவும் ஒரு கணக்குதானாம். வைக்கோல் இல்லாத நடுவுல துணி வெள்ளையாவே இருந்ததுக்கும் இப்போ அர்த்தம் இருக்காம். அந்த வெளியூர் அம்மாவைக் கூட்டிட்டு வந்து மூலையில துணி புதைச்சுப் பாக்கப் போகுதாம். கேள்வி நிக்கவே இல்ல. கடைசியில, "உங்ககிட்ட அப்புறமா பேசுறேன்"னுச்சு. அக்கான்னு சொல்லல. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் சொல்லல.

நியாயம்தான்.

இன்னொரு பக்கம் திறங்க தம்பி. தேதி வாரியா. முதல் வருஷம், அறுவடை முடிஞ்ச அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு அது சளின்னு மூக்கைத் துடைச்சுட்டே நோட்டு எழுதிட்டு லேப்புக்குப் போனது ஞாபகம் இருக்கு. வைக்கோல் ரெண்டு கை. ரெண்டுன்னு போடுங்க.

இல்ல, இருங்க. நல்லா ரெண்டு கையாலயும் அணைச்சு அள்ளினேன், மூணு தடவை. மூணு அணைப்புன்னே போடுங்க.